பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது யார்?

மகள் படிக்கும் பள்ளியின் நூலகத்துக்கு இந்த ஆண்டு வாங்கிய கதைப் புத்தகங்களைப் பெற்றோர் குழுவின் சார்பில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். மாற்றுத்திறனாளிக் குழந்தை மூன்றே கதைகளில் வருகிறது. மூன்றிலும் அது கடைசிப் பக்கத்துக்குள் ஏதாவதொரு போட்டியில் வென்றாக வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை சும்மா கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் வாங்கித் தின்னும் கதை ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் மெரினாவில் சக்கர நாற்காலி போவதற்கென்றே 2022-இல் மரப்பாதை போட்டார்கள். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளையோ, குடிசைகளிலிருந்து மாற்றிக் குடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகர்ப் பிள்ளையோ தென்பட்டால், அது வசதியான வீட்டுக் குழந்தை இரக்கப்படக் கற்றுக்கொள்வதற்காகத்தான். படங்களில் அம்மாக்கள் அனைவரும் அடுப்படியில் நிற்கிறார்கள். கறுப்பாக வரையப்பட்ட ஒரே ஆள் திருடன்.

இதற்கு நூலகரைக் குறை சொல்ல மாட்டேன். விற்பனையாளர் தந்த பட்டியலில், அதிகத் தள்ளுபடி கிடைக்கும் செட்டாகப் பார்த்து நிர்வாகமே வாங்கியிருக்கிறது. பெட்டியைப் பிரித்துப் பதிவேட்டில் எண் போடும்போதுதான் அவர் அந்தப் புத்தகங்களை முதன்முதலாகப் பார்த்திருக்கிறார். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தை மூன்றாவது முறையாக எடுத்துப் போகிறது என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிதோறும் கதைப் புத்தகங்களுடன் நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. அதன் அட்டவணையில் நூலகர் என்ற பணியிடம் இல்லை. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்ற விதியைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இலேயே இதே ஊரிலிருந்து எழுதி வெளியிட்டார் என்பதை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

"கதை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், யார் வருகிறார் என்பது எதற்கு?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். பாதி ஒப்புக்கொள்கிறேன். உபதேசத்துக்காகவே எழுதப்பட்ட புத்தகம், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும், பீரோவில் தூசி படிந்துதான் கிடக்கும். ஆனால் நல்ல கதையா என்பதையும் யாராவது படித்துப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? புத்தகமே கிடைப்பதில்லை என்றும் சொல்வதற்கில்லை. துலிகா பதிப்பகம் 1996 முதல் சென்னையிலிருந்தே தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகளைக் கொண்டுவருகிறது.

ஆகவே நிர்வாகத்திடம் நான் கேட்டது சிறிய காரியம்: ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு நூலகரை இரண்டு நாள் பணி நாளாகவே அனுப்பி, புத்தகம் வாங்கும் தொகையில் பாதியை அவர் பொறுப்பில் விட வேண்டும், ஒரு புத்தகத்தின் மீது பெற்றோர் புகார் சொன்னால், அந்தப் புத்தகத்தை முழுவதும் படித்த பிறகே புகாரை ஏற்க வேண்டும். எழுத்து மூலமாகவே கொடுத்தேன். அடுத்த ஆண்டுக்கான செட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்று பதில் வந்திருக்கிறது.