செத்தவர் குரலைக் கடன் வாங்கலாமா?

கேபி பெட்டிட்டோ பற்றிய நெட்ஃபிளிக்ஸ் ஆவணத்தொடரைப் பார்க்கச் சொல்லி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் யாராவது பரிந்துரைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் எனக்குச் செரிக்கவே இல்லை.

2021-ல் அமெரிக்காவில், கட்டிக்கொள்ளவிருந்தவனால் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட 22 வயதுப் பெண் அவர். 2025-ல் வந்த அந்தத் தொடரில் அவருடைய நாட்குறிப்பையும் குறுஞ்செய்திகளையும், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய அவர் குரலிலேயே வாசிக்க வைத்திருக்கிறார்கள். குடும்பம் சம்மதித்ததாம். சரி, மகளின் கதையைச் சொல்லப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆனால் யாரிடம் பேசலாம், என்ன பேசலாம் என்பதை இன்னொருவர் முடிவு செய்வதில்தானே குடும்ப வன்முறை பல வீடுகளில் ஆரம்பிக்கிறது? அதில் உயிரைவிட்டவரின் தொண்டையையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா? ஒரு நடிகை வாசித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கொலைக்குச் சற்று முன்பு, அதே மாதத்தில், அவரையும் அவனையும் போலீசார் விசாரித்தபோது அவர்கள் உடையில் மாட்டியிருந்த கேமராவில் பதிவான காட்சியைக் காட்டியதில் எனக்குக் குறையே இல்லை. அழுதுகொண்டே, இருவருக்கும் நடந்த சண்டைக்கான பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் அந்தப் பெண். யூட்டா போலீசார் அவரையே தாக்கியவராகக் கருதி, இருவரையும் ஓர் இரவு பிரித்துவைத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த மாதக் கடைசியிலேயே கொலை. இது காவல் பயிற்சியில் பாடமாக வேண்டிய காட்சி.

சிங்கப்பூரில் ஒரு பெண், குடும்பத்தில் தன்னைத் துன்புறுத்துபவரைத் தடுக்கும் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு கேட்டுக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனால், பொதுவாக வெளியாட்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது. அந்த மறைவெல்லாம் உயிரோடு இருக்கும்வரைதான் போல. செத்துப்போனால் நாட்குறிப்பு, கைபேசி, விடுமுறை வீடியோ எல்லாமே ஊர்ச்சொத்து.

வெள்ளைக்காரன் ஊர்ப் பழக்கம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 2016-ல் சிங்கப்பூரின் பீஷான் பகுதி வீடு ஒன்றில் மியன்மார்ப் பணிப்பெண் ஒருவரை அடித்து, பட்டினி போட்டுக் கொன்றார்கள். இறந்தபோது அவர் எடை 24 கிலோ. வீட்டுக் கேமராப் பதிவுகள் சாட்சியாக நின்றன. 2021-ல் முதலாளியம்மாவுக்கு 30 ஆண்டுச் சிறை. நீதிபதி பார்த்தே ஆகவேண்டிய பதிவு, சந்தேகமில்லை. அதை நாம் எதற்காக அழுகை எமோஜி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம்? பரிதாபம் என்கிறார்கள். பரிதாபப்பட அந்த 24 கிலோ போதாதா?

அவருக்கு ஒரு மகன். அம்மா இறந்தபோது சின்னக் குழந்தை, இப்போது இணையத்தில் தேடத் தெரிந்த வயது. நாளைக்கு யாராவது இதையும் தொடராக எடுக்கக் கிளம்பினால், முதலில் அவனிடம் கேட்கட்டும். அதுவரை அந்தப் பதிவை எனக்கு அனுப்பாதீர்கள்.