அந்த நட்சத்திரங்களை யாராவது ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கலாம்

சிஎஸ்கே வீரர்கள் கையெழுத்துப் போட்டது என்று ஒரு பையனுக்கு ஆன்லைனில் போலியை விற்ற அந்த மஞ்சள் ஜெர்சி விவகாரத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் நேற்று இரவு வரை இருந்தேன். படத்தை எல்லோரும் பார்த்தாயிற்று, ஸ்கிரீன்ஷாட்டும் சுற்றி முடிந்தாயிற்று. ஆனால் 38,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற பையனிடம், "4.9 ரேட்டிங் வெச்சிருக்கிற ஆளையே சந்தேகப்படுறியா, உனக்கு என்ன வயித்தெரிச்சல்?" என்று ஒருவர் கேட்கிறார். அதற்கு 200 பேர் விருப்பக்குறி போடுகிறார்கள். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

விற்றவர் சொன்னது என்ன? "2010 இறுதிப் போட்டி ஜெர்சி, அணி முழுக்கக் கையெழுத்து." 2010 ஏப்ரல் 25, டி.ஒய். பாட்டீல் மைதானம், மும்பை இந்தியன்ஸைத் தோற்கடித்து சென்னை வாங்கிய முதல் ஐபிஎல் கோப்பை. முதல் கோப்பை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். அணிச் சின்னமான சிங்கத்துக்கு மேலே மூன்று நட்சத்திரம். தோளில் ராணுவ உடுப்புத் துணி மாதிரி வடிவம். அந்த மூன்று நட்சத்திரமும் 2010, 2011, 2018 கோப்பைகளுக்காக 2021 ஜெர்சியில் வந்தவை. தோள் வடிவமும் அதே 2021தான். பதினோரு வருடம் கழித்து வந்த துணியில் 2010 அணி எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கும்?

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் யாரும் எண்ணவில்லை. ஏனென்றால் எல்லோரும் விற்றவர் கொடுத்த சர்ட்டிஃபிகேட்டையும் ரேட்டிங்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் தப்பு. ரேட்டிங் பொருளைப் பற்றி எதுவும் சொல்லாது. சர்ட்டிஃபிகேட்டும் சொல்லாது. பொருளைத்தான் பார்க்க வேண்டும்.

ரேட்டிங் எப்போது போடுகிறோம் என்று யோசியுங்கள். பார்சல் வந்த இரண்டு மூன்று நாளில். பொட்டலம் நன்றாகக் கட்டியிருந்தது, சீக்கிரம் வந்தது, ஐந்து நட்சத்திரம். கையெழுத்து போலி என்பது தெரிய வருவது எப்போது? மூன்று நான்கு வருடம் கழித்து, அதை விற்கப் போகும்போது, வாங்க வந்தவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது. அதற்குள் அந்த ரேட்டிங் பக்கம் அப்படியே உறைந்து போயிருக்கும். போலி விற்பவருக்கு மோசமான ரேட்டிங் வர நேரமே இல்லை. அதனால் 4.9 என்ற எண்ணைத் தள்ளிவிட்டு, அது எதற்கு வந்தது என்று பின்னோக்கி உருட்டிப் பாருங்கள். 600 மதிப்புரையில் 580 கீ செயினுக்கும் மொபைல் கவருக்கும் வந்ததாக இருக்கும். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும் தனியாகப் படியுங்கள். பிறகு, அவர் ஏற்கெனவே விற்று முடித்தவற்றைப் பாருங்கள். "ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது" என்று சொன்ன அரிய பேட் மாதத்துக்கு ஒன்றாக விற்றிருந்தால், அவரிடம் இருப்பது சேகரிப்பு இல்லை, உற்பத்தி.

சர்ட்டிஃபிகேட்டுக்கு வருகிறேன். "சிஓஏ, அதான் உண்மைத்தன்மைச் சான்று, குடுத்திருக்காரே அண்ணே" என்று எத்தனை பேர்! அந்தத் தாளை அச்சடித்தவர் யார்? விற்றவரேதான். தன் சரக்குக்குத் தானே கொடுக்கிற சாட்சிக்கு என்ன மதிப்பு? தங்க நிற ஓரம், வெள்ளி ஸ்டிக்கர், "உண்மைத்தன்மைச் சான்று" என்று பெரிய எழுத்து, இதெல்லாம் எந்த அச்சகத்திலும் கிடைக்கும்.

அமெரிக்காவில் 1990களில் எஃப்.பி.ஐ. "ஆபரேஷன் புல்பென்" என்று ஒரு வேட்டை நடத்தியது. சான் டியாகோவை மையமாக வைத்து ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தார்கள். பிடிபட்ட பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் பந்தும் உண்டு. அந்தக் கும்பலின் சரக்குகளும் சான்றிதழோடுதான் விற்பனைக்குப் போயின. அதே ஊர் அணியின் நட்சத்திரம் டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் இருந்த கையெழுத்துகள் தன்னுடையவை இல்லை என்று கண்டார். ஆட்டக்காரர் அங்கேயே இருக்கிறார், அணியின் சொந்தக் கடை, அதிலேயே இந்த நிலைமை. இதற்குப் பிறகுதான் 2001இல் மேஜர் லீக் பேஸ்பால் தனியாக ஒரு சரிபார்ப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. காவல்துறை அனுபவம் உள்ளவர்கள் மைதானத்திலேயே உட்கார்ந்து, பந்து ஆட்டத்திலிருந்து வெளியே வந்த உடனே எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டிப் பதிவு செய்கிறார்கள். நேரில் பார்த்தவர் வைத்த முத்திரை என்பதால்தான் அதற்கு மரியாதை.

"அப்போ பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் மாதிரி வெளி நிறுவனம் குடுத்த சான்றை நம்பலாமா?" என்று கேட்பீர்கள். விற்பவர் தானே அடித்த தாளைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வீரர் படம் போட்ட பேஸ்பால் சேகரிப்பு அட்டைகளிலேயே புகழ்பெற்ற டி206 ஹோனஸ் வாக்னர் அட்டை பிஎஸ்ஏ தரம் பிரித்த முதல் அட்டை. பத்துக்கு எட்டு கொடுத்தார்கள். 2007இல் 28 லட்சம் டாலருக்குப் போனது. அதன் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த வெட்டிய அட்டைக்குத்தான் எட்டு கொடுத்திருக்கிறார்கள். ஹோலோகிராம் எண் இருந்தால், அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே முகவரியைத் தட்டிப் போய் எண்ணைப் போடுங்கள். சான்று அட்டையில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். போலி அட்டை போலித் தளத்துக்குத்தான் கூட்டிப் போகும். எண் சரியாக இருந்தாலும், அதற்கு நேரே பதிவாகியிருக்கும் பொருளும் உங்கள் முன்னால் இருக்கும் பொருளும் ஒன்றுதானா என்று பாருங்கள். நல்ல பொருளின் எண்ணைத் திருடி இன்னொன்றில் ஒட்டுவது இந்தத் தொழிலில் பழைய வேலை.

பொருளைப் பார்ப்பது என்றால் என்ன? முதலில் காலம். இங்கேதான் முக்கால்வாசிப் போலிகள் மாட்டும். 2016, 2017 இரண்டு வருடமும் சென்னை அணி ஐபிஎல்லிலேயே இல்லை, தடையில் இருந்தது. தோனி புனே அணிக்கு ஆடினார். "சிஎஸ்கே 2017 டீம் கையெழுத்து" என்று யாராவது விற்றால் அடுத்த கேள்வியே தேவையில்லை. இந்திய ஜெர்சி என்றால் ஸ்பான்சரைப் பாருங்கள். ஐசிசி உலகக் கோப்பைகளில் மார்பில் நாட்டின் பெயர்தான் பெரிதாக வரும், ஸ்பான்சர் பெயர் கைப்பகுதிக்குப் போய்விடும். மார்பில் பெரிதாக சஹாரா இருக்கிற ஜெர்சியை "2011 ஃபைனலில் போட்டது" என்று விற்றால் அது வேறு தொடரின் ஜெர்சி. இந்திய ஜெர்சியைத் தயாரித்தது 2020 வரை நைக், 2023 நடுவிலிருந்து அடிடாஸ். இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் பழைய போட்டிப் படங்களை வைத்துச் சரிபார்க்கலாம். அந்த 2011 ஃபைனலில் தோனி சிக்ஸர் அடித்த பேட் என்று இன்னும் சிலர் விற்கிறார்கள். அது 2011 ஜூலையிலேயே லண்டனில் ஒரு நல்ல காரியத்துக்காக ஏலத்தில் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போய்விட்டது.

பேனாவுக்கும் வயது உண்டு. பழைய கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி இறந்தது 1933. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945. ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964. ரஞ்சித்சிங்ஜி கையெழுத்து பால்பாயின்டிலோ ஷார்ப்பியிலோ இருந்தால் வேறு யாரோ எழுதியது.

தெரிந்த பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 1983 ஜூன் 25 லார்ட்ஸ் இரவை இன்றும் பந்து பந்தாகச் சொல்வார். அவருடைய 75ஆவது பிறந்தநாளுக்குப் பேரன் ஆன்லைனில் ஒரு பேட் வாங்கிக் கொடுத்தான். "83 அணி முழுவதும் 2023 நாற்பதாம் ஆண்டு விழாவில் கையெழுத்திட்டது." அதில் யஷ்பால் சர்மா கையெழுத்தும் இருந்தது. யஷ்பால் 2021 ஜூலை 13 அன்று காலமாகிவிட்டார். பேட் இப்போதும் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வருகிறவர்களிடம் ஒவ்வொரு கையெழுத்தையும் காட்டி, அவர் எந்த ஓவரில் என்ன செய்தார் என்று பெரியவர் சொல்கிறார். பேரனுக்கு விஷயம் தெரியும். விருந்தாளி வந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுகிறான். "ஒரு துணி, ஒரு கட்டை, இதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா" என்று நேற்று எழுதியவர் அந்தக் கூடத்தில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதட்டும்.

காலம் சரியாக இருந்தால் அடுத்தது மை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அச்சடித்த கையெழுத்து என்றால் கோடு குட்டிக் குட்டிப் புள்ளிகளாக உடையும். கலர் அச்சென்றால் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள். பேனா மை அப்படி உடையாது. கோடு தன்னைத்தானே கடக்கும் இடத்தில் மார்க்கர் மை இன்னொரு அடுக்காக அடர்ந்திருக்கும். அச்சில் எல்லா இடமும் ஒரே அடர்த்தி. பேட்டின் வில்லோ மரத்தில் மை மர வரியோடு கொஞ்சம் ஓடும். ஜெர்சித் துணியில் இழையோடு பரவும். துணிமேல் படலம் மாதிரி தனியாக நின்றால் அது ஒட்டியது.

மை உண்மையாக இருந்தாலும் கை வேறாக இருக்கலாம். வேகமாகக் கையெழுத்துப் போடுகிறவர் பேனாவை ஓட்டத்திலேயே தூக்குவார், கோட்டின் முனை மெலிந்து முடியும். பார்த்து வரைகிறவர் நின்று நிதானமாகத் தூக்குவார், முனை மொட்டையாக இருக்கும். நடுவில் நடுக்கமும் தெரியும், தேவையில்லாத இடத்தில் பேனாவை எடுத்து மறுபடி வைத்த தடமும் தெரியும். அதே விற்பனையாளர் முன்பு விற்ற இரண்டு கையெழுத்துப் படங்களை எடுத்து, போனில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மயிரிழை பிசகாமல் பொருந்தினால் இயந்திரம் போட்டது அல்லது அச்சு. எந்த மனிதனும் இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்துப் போட மாட்டான். அணி முழுக்கப் போட்டது என்றால் இன்னொன்று: பதினைந்து பேரும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒருவர்மேல் ஒருவர் படாமல் வரிசையாகப் போட்டிருந்தால் அது ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரே ஆள் செய்த வேலை. ஓய்வறையில் கைமாறிப் போகிற பேட்டில் ஒருவர் பெரிதாகக் கிறுக்குவார், அடுத்தவருக்கு இடம் இருக்காது, ஓரத்தில் நெருக்கிப் போடுவார்.

"வீரர் கையெழுத்துப் போடுற போட்டோவே இருக்கே?" இருக்கலாம். அவர் ஏதோ ஒரு பேட்டில் போடுகிறார். இந்த பேட்டிலா? வில்லோவின் முகத்தில் ஓடும் கிரெய்ன் வரிகள் கைரேகை மாதிரி. வரிகளின் எண்ணிக்கை, இடைவெளி, எந்த ஓரத்தில் முடிச்சு, ஸ்டிக்கர் எந்த வரியில் தொடங்குகிறது, எல்லாவற்றையும் அந்தப் போட்டோவோடு ஒப்பிடுங்கள். ஜெர்சி என்றால் தையலிலிருந்து எழுத்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அந்த போட்டோ இன்னொரு பொருளுக்கான சாட்சி.

இதையெல்லாம் கேட்டால் நேர்மையாக விற்பவர்கள் மனம் புண்படும் என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நேர்மையான விற்பனையாளர்களை இந்த வட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பொருளுக்குப் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதிய தாளை வைத்துப் படம் கேட்டால் அரை மணியில் அனுப்புவார்கள். வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டி வீடியோ கேட்டால் அனுப்புவார்கள். யாரிடம், எந்த வருடம், எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் பேச்சை நிறுத்த மாட்டார்கள், அவர்களுக்கே அந்தக் கதை பிடிக்கும். வெளி நிறுவனச் சோதனையில் தோற்றால் முழுப் பணமும் திருப்பித் தருவேன் என்பதை எழுத்தில் கொடுப்பார்கள். கேள்வி கேட்டதும் "வேணும்னா வாங்கு, இல்லேன்னா விடு, இன்னும் மூணு பேர் கேட்டிருக்காங்க" என்று சொல்கிறவர்தான் உங்களை அவசரப்படுத்துகிறார். அந்தப் பையன் கேட்ட முதல் கேள்விக்கு வந்த பதிலும் இதேதான். படித்துப் பாருங்கள், ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. அவன் கேட்டிருக்கிறான்! கேட்டவனைத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து வாயை அடைத்திருக்கிறோம்.

விலை குறைவாக இருந்ததால் ஆசைப்பட்டான் என்கிறார்கள். ஆசைப்படாமல் யார் இதையெல்லாம் வாங்குகிறார்கள்? விளம்பரத்தின் கடைசி வரியில் "ரெப்ளிகா", "ஃபேக்சிமிலி" என்று, அதாவது நகல் என்பதை, பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதும், மேலே கொட்டை எழுத்தில் "ஒரிஜினல் சைன்டு" என்று போடுவதும் விற்றவர் செய்தது. அதைப் பற்றி அந்த 200 பேரில் ஒருவராவது கேட்டீர்களா?

தம்பி, இது உனக்கு. யுபிஐயில் நேராக அனுப்பிவிட்டாய், அதைத் திரும்பப் பெறுவது கஷ்டம், ஆனால் இப்போதே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் பண்ணு, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நுகர்வோர் உதவி எண் 1915இலும் சொல்லி வை. அந்த விளம்பரப் பக்கத்தை முழுசாக, தேதியும் லிங்க்கும் தெரிகிற மாதிரி, இன்றைக்கே எடுத்து வை. நாளைக்கு அது இருக்காது. பேச்சு முழுவதையும் எக்ஸ்போர்ட் பண்ணு. "ஜெர்சியை அனுப்பினா பணம் தர்றேன்" என்று அவர் கேட்டால் பணம் வருவதற்கு முன் அனுப்பாதே, உன் கையில் இருக்கிற முக்கிய ஆதாரம் அந்த மூன்று நட்சத்திரம்தான். பார்சல் வந்த கவரையும் தூக்கிப் போட்டுவிடாதே. அதில் கூரியர் எண் இருக்கும், எந்த ஊரில் புக் பண்ணினார் என்பதும் இருக்கும்.