தூரத்துக்குப் போக விரும்பியவனை ஆண்டவர் வீட்டுக்கு அனுப்பினார்

சுவிசேஷம் சொல்வது ஊழியக்காரர்களின் வேலை, ஜெபிப்பதும் காணிக்கை கொடுப்பதும் நம் வேலை என்ற எண்ணம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே நம் சபைகளில் ஊறிப்போயிருக்கிறது. மிஷனரி ஊழியங்களுக்காக உருக்கமாக ஜெபிக்கிற பலர், பல ஆண்டுகளாகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வேலை செய்யும் நண்பரிடம் இயேசுவின் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இதை நாம் கூச்சம் என்கிறோம், நாகரிகம் என்கிறோம், சில நேரங்களில் ஞானம் என்றுகூடச் சொல்லிக்கொள்கிறோம். என் பார்வையில் இது கீழ்ப்படியாமைதான்.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் வரும் கதரேனர் நாட்டு மனிதனை இந்த விஷயத்தில் நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கல்லறைகளில் குடியிருந்து, சங்கிலிகளை முறித்து, கற்களினால் தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்த அவன் பிசாசுகளின் பிடியிலிருந்து விடுதலையான பிறகு, இயேசுவோடேகூட வர அனுமதி கேட்கிறான். நியாயமான விண்ணப்பம், நம் காலத்தில் என்றால் அவனுக்கு உடனே மேடையும் ஒலிபெருக்கியும் கொடுத்து ஊர் ஊராக அழைத்துச் சென்றிருப்போம். ஆண்டவரோ அதற்கு இடங்கொடாமல், "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டுக்குப் போய்" கர்த்தர் செய்தவைகளை அறிவி என்கிறார். இரண்டு வசனங்களுக்கு முன்புதான், அவனை விட்டுப் போன பிசாசுகள் புகுந்ததால் ஏறக்குறைய 2000 பன்றிகள் கடலில் அமிழ்ந்துபோன செய்தியைக் கேட்ட அந்தப் பகுதி மக்கள், தங்கள் எல்லையை விட்டுப் போகும்படி இயேசுவை வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவரைப் போகச் சொன்ன அதே மக்களிடத்துக்குத்தான் அந்த மனிதன் அனுப்பப்படுகிறான். இயேசுவோடு அவனுக்கு ஒரு நாள் பழக்கம்கூட இல்லை. வேதபாடம் படிக்கவில்லை, பயிற்சி பெறவில்லை. அவன் கையில் இருந்ததெல்லாம் தனக்கு நடந்தது மட்டுமே. அதை வைத்துக்கொண்டு தெக்கப்போலி நாடெங்கும் அவன் அறிவித்தான், எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள் என்று மாற்கு எழுதுகிறார்.

தூரத்தைவிட வீடு கடினமானது என்பது அனுபவமுள்ள எவருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர் நம் வார்த்தைகளை மட்டும் கேட்கிறார். வீட்டாரும் உடன் வேலை செய்பவர்களும் நம் கோபத்தையும், பணத்தில் நாம் காட்டும் கணக்கையும், மேலதிகாரி இல்லாத நேரத்தில் நாம் வேலை செய்யும் விதத்தையும் சேர்த்தே கேட்கிறார்கள். விசுவாசத்தை அறிக்கையிட்டால் வேலையும், சில இடங்களில் உயிருமே போய்விடக்கூடிய தேசங்களில் வாழ்கிறவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் பயம் சிறைச்சாலையைப் பற்றியதன்று. நம்மை நல்லவர், நாகரிகமானவர் என்று நினைத்திருப்பவர்கள் இனிமேல் கொஞ்சம் விலகிப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் அது. அந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான் பலமுறை நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

"என் வாழ்க்கையே சாட்சி, வார்த்தை தேவையில்லை" என்று சொல்கிறவர்கள் அசிசியின் பிரான்சிஸ் சொன்னதாக ஒரு வாசகத்தை அடிக்கடி பகிர்கிறார்கள்: எப்போதும் சுவிசேஷத்தை அறிவியுங்கள், அவசியமானால் மட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள் என்று. அவருடைய எழுத்துகளிலோ, அவரைப் பற்றிய தொடக்ககாலச் சரிதைகளிலோ அந்த வாசகம் இல்லை. அவர் ஊர் ஊராகப் பிரசங்கித்தவர். சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த 1219-இல் எகிப்துக்குப் போய், சுல்தான் அல்-காமிலின் முன்னால் நின்று தம் விசுவாசத்தைப் பேசியவர். நல்ல நடத்தை மட்டும் இருந்து வார்த்தை இல்லாவிட்டால், பார்க்கிறவர் நம்மைத்தான் புகழ்வார். நம்மை மாற்றியவர் யார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் பேசுவதே கீழ்ப்படிதல் என்று எண்ணி, கேட்காதவர் கையில் கைப்பிரதியைத் திணிப்பதையும், துக்க வீட்டில் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பிரசங்கிப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பேதுரு தம் முதலாம் நிருபத்தில், நம்மிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். அதை அவர் எழுதியது விசுவாசத்துக்காக அவமானப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. எதிரே நிற்பவர் பகைவராகவே இருந்தாலும் சாந்தம் குறையக் கூடாது என்பதுதான் பொருள். அதிகாரம் நம் கையில் இருக்கும் இடத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சம்பளம் கொடுக்கும் முதலாளியும், மதிப்பெண் போடும் ஆசிரியரும், நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவரும் பேசும்போது, எதிரே இருப்பவரால் மறுப்புச் சொல்ல முடியாமல் போகலாம். மறுக்க முடியாதவரின் சம்மதத்தை விசுவாசம் என்று நான் எண்ணமாட்டேன். வேதத்திலே குஷ்டரோகியாயிருந்த சீரியப் படைத்தலைவன் நாகமானின் வீட்டில், அவன் குணமாக வழி சொல்லிப் பேசியது எஜமான் அல்லர், சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுபெண். அவள் சொன்னது ஒரே வாக்கியம். அதுவும் தன்னை அடிமையாக்கிய வீட்டாரின் நலனை விரும்பிச் சொன்னது. தீர்க்கதரிசியான யோனாவோ நினிவே நகரம் முழுவதும் கேட்கும்படி அறிவித்தான், மக்களும் மனந்திரும்பினார்கள். அதைக் கண்டு அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. கட்டளைக்கு இணங்கி, அந்த மக்கள்மேல் அன்பில்லாமலேயே அதை நிறைவேற்ற முடியும் என்பதற்கு அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரமே போதும்.

ஆதிச்சபை பரவிய விதத்தைப் பார்த்தாலும், மேடை அதில் ஒரு பகுதிதான். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் கொல்லப்பட்ட பின் எழுந்த துன்பத்தில் அப்போஸ்தலர் தவிர மற்ற யாவரும் சிதறிப்போனார்கள் என்றும், சிதறிப்போனவர்களே போன இடமெல்லாம் வசனத்தைப் பிரசங்கித்தார்கள் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தியோகியாவில் கிரேக்கரோடு பேசிய சீப்புரு, சிரேனே ஊர்க்காரர்களின் பெயரைக்கூட லூக்கா எழுதவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய செல்சஸ், கம்பளி வேலைக்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் வண்ணாரும் வீடுகளுக்குள்ளே பேசி ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்று ஏளனம் செய்தார்; அதற்குக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதிய மறுப்பினால்தான் அந்த ஏளனம் இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. எதிரி கேலியாக எழுதியதை நாம் நற்சான்றாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இன்றைய நாளில் இதற்கான வாய்ப்புகள் பெரும்பாலும் சின்னச் சின்னக் கேள்விகளாகவே வருகின்றன. "இவ்வளவு இழப்பை எப்படித் தாங்கிக்கொண்டீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார்; நாமோ "ஏதோ, காலம் ஆற்றிவிட்டது" என்கிறோம். உண்மையில் இரவெல்லாம் ஜெபித்துத்தான் தாங்கியிருப்போம். அந்த இடத்தில் உண்மையை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, அவர் மேலும் கேட்டால் தொடர்வதும், கேட்காவிட்டால் நிறுத்திக்கொள்வதும் போதும். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்றே சொல்லலாம். யோவான் 9-இல் பார்வை பெற்றவனும் பரிசேயரிடம் அப்படித்தான் சொன்னான், தான் குருடனாயிருந்து இப்போது காண்கிறேன் என்ற, தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் நின்றான். நம்மிடம் கேட்டவர் நம்பவில்லை என்பதற்காக நட்பு குறையக் கூடாது. குறைந்தால், அந்த நட்பே தூண்டில்தானோ என்று அவர் சந்தேகிப்பதில் தவறில்லை.

சபைகளின் சுவிசேஷப் பயிற்சிகளில் வசனங்களை மனப்பாடம் செய்யவும், எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லவும் கற்றுத்தருகிறார்கள். அதோடு எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை கேட்பதற்கும் கற்றுத்தர வேண்டும். சாட்சி நேரத்திலும் பழைய அற்புதங்களைச் சொல்வதோடு நிறுத்திவிடாமல், இந்த வாரம் உங்களிடம் யார் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒருவரையொருவர் விசாரிக்கும் வழக்கம் நமக்குள் வர வேண்டும் என்பது என் விருப்பம்.