இந்துப்பு வாங்கினால் பிரஷர் இறங்கிவிடுமா?

இந்துப்பு பிரஷரைக் குறைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி அதற்கு மாறியவர்கள் எனக்குத் தெரிந்தே ஏகப்பட்ட பேர். பிரஷர் மாத்திரை போடுகிற எங்கள் பெரியப்பாவும் அதில் சேர்த்தி. "இது உப்பே இல்லடா, மருந்து" என்கிறார். சரி, அந்த ரோஸ் கலர் கல்லில் என்னதான் இருக்கிறது? நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அதே சோடியம் குளோரைடுதான், அதாவது நம் சாதா உப்பு. பிரஷரை ஏற்றுவது அதிலிருக்கும் சோடியம். நிறம் துளியூண்டு இரும்பால் வருவது. மற்ற தாதுக்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவை உடம்பில் ஒட்டுகிற அளவுக்கு அதை அள்ளித் தின்றால் அதற்கு முன்பே பிரஷர் எகிறிவிடும். அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பை விட்டதில் அந்த அயோடினும் போச்சு.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். காலையில் இட்லி மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு. மதியம் குழம்பு, ரசம், பொரியல், கடைசியில் மோர் சாதத்துக்குத் தனியாக ஒரு சிட்டிகை, அதற்குத் தொட்டுக்க உப்பிலேயே ஊறிக் கிடக்கும் மாவடு, போதாததற்கு மோர் மிளகாய். அப்பளத்தில் போடுகிற அப்பளக்காரமும் பஜ்ஜி மாவில் போடுகிற ஆப்பசோடாவும்கூட சோடியம்தான், அதை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மேலை நாடுகளில் பாதிக்கு மேல் உப்பு பாக்கெட் உணவிலும் ஓட்டலிலும் இருந்து வருகிறது. நமக்குப் பெரும்பாலும் நம் அடுப்படியிலிருந்தே வருகிறது, அதனால் குறைப்பதும் நம் கையில்தான். முதலில் ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்துங்கள். அப்புறம் குழம்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். எலுமிச்சையும் மிளகும் கூட நிற்கும்.

உப்பைத்தான் மாற்றுவேன் என்று அடம்பிடித்தால், பொட்டாசியம் கலந்த குறை சோடியம் உப்பு இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் இதை ஐந்து வருடம் போல ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. தமிழக அரசு 2014இல் கொண்டுவந்த அம்மா உப்பிலும் இப்படி ஒரு வகை இருந்தது, யாருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை! ஆனால் ஒன்று, கிட்னி கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும் சில பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. பெரியப்பா மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் முதலில் அதைக் கேட்டுவிட்டு வரட்டும்.