உயிர்ச்சேதம் ஏதுமில்லை

போன வாரம் ராத்திரி ஏழரை மணி இருக்கும். கரண்ட் போய்விட்டதே என்று மொட்டை மாடிக்கு ஏறினேன். எங்கள் வேலூர் சத்துவாச்சாரி மலைமேல் நெருப்பு. அடிவாரத்தில் ஒரு ஓரமாய்த் தொடங்கி, யாரோ கோடு கிழித்தாற்போல வளைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து மாடிகளிலும் ஆட்கள், ஆளுக்கொரு செல்போன். தெரு வாட்ஸப் குழுவில் ஒருவர் வீடியோ போட்டு, "மலைக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தார். பதினேழு பேர் இதயம் போட்டிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டாம், பதினெட்டாவது நான்.

மறுநாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி. மர்ம நபர்கள் தீ வைத்ததாகக் கூறப்படுகிறது, வனத்துறையினர் மூன்று மணி நேரம் போராடி அணைத்தனர், காய்ந்த புற்கள் எரிந்து நாசம், நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் ஏதுமில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளாய் மாசி, பங்குனி வந்தால் இதே நாலு வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மலையின் பெயர் மட்டும் மாறும். இந்த முறை என்னவோ அந்தக் கடைசி இரண்டு வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஏதுமில்லை என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

சரி, நாமே பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிவாரத்துக்குப் போனேன். அங்கே ஆடு ஓட்டுகிற பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். "வா நைனா, இன்னா இந்தப் பக்கம்" என்றார். எரிந்த இடத்தைப் பார்க்க வந்தேன் என்றதும் ஒரு மாதிரி சிரித்தார். "கரியைப் பாக்கவா வந்த?" ஆனாலும் ஆடுகளைப் பேரனிடம் விட்டுவிட்டுக் கூடவே நடந்தார்.

முதலில் கண்ணில் பட்டது நத்தை ஓடுகள். கறுப்புச் சாம்பல்மேல் யாரோ பொரியை இறைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாய்க் கிடந்தன. புல் இருந்தவரை இத்தனை நத்தை இந்த மலையில் இருந்ததே தெரியாது. காலை எங்கே வைத்தாலும் நொறுங்கியது. இன்னும் பத்தடி தள்ளி ஒரு பாறை இடுக்கு. அதில் ஒரு நட்சத்திர ஆமை. தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, பாறைக்குள் எவ்வளவு தூரம் நுழைய முடியுமோ அவ்வளவு தூரம் நுழைந்திருந்தது. பாறைப்பக்கம் இருந்த பாதி ஓட்டில் மஞ்சள் கோடுகள் அப்படியே பளிச்சென்று இருந்தன. வெளிப்பக்கப் பாதியில் பழைய சுவரில் சுண்ணாம்பு உரிவது போலத் தகடுகள் சுருண்டு எழும்பியிருந்தன. பெரியவர் குச்சியால் தட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மண்ணைத் தள்ளி மூடினார்.

வெட்ட வெளியில், தரையிலேயே இரண்டு முட்டை. கூடு என்று ஒன்றும் கிடையாது. பக்கிக் குருவியினுடையது என்றார். ராத்திரியில் ரோட்டோரம் உட்கார்ந்து, வண்டி வெளிச்சத்தில் கண் மட்டும் சிவப்பாய் மின்னுமே, அதுதான். சருகு நிறத்தில் இருக்கும் பறவை, சருகின்மேலேயே முட்டையிட்டு, சருகோடு சருகாய் அடைகாக்கும். எந்த எதிரி வந்தாலும் அசையாமல் இருப்பதுதான் அதன் தந்திரம். நெருப்பிடம் அந்தத் தந்திரம் பலிக்காது. கௌதாரியும் ஆட்காட்டியும் இதே பருவத்தில்தான் தரையில் முட்டை வைக்கின்றன. நம் ஊர் மலைகள் எரியும் மாதமும் அவை அடைகாக்கும் மாதமும் ஒன்றாய்ப் போனது யாருடைய போதாத காலமோ.

காட்டுத்தீ என்றதும் நம் மனதில் ஓடுவது டிவியில் பார்த்த ஆஸ்திரேலியா, கலிபோர்னியா. மரத்துக்கு மரம் தாவி வானத்தைத் தொடும் தீ. நம் மலையில் அப்படி எரிவதில்லை. இங்கே எரிவது தரைத்தீ: முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்புயரம். புல்லும் சருகும் உண்ணிச்செடியும்தான் விறகு. அதனால்தான் "புல்லுதானே எரியுது" என்ற அலட்சியம். ஆனால் முழங்கால் உயரத் தீ முழங்கால் உயரத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு வானளவு தீ. மான் ஓடிவிடும், மயில் பறந்துவிடும், பொந்துக்குள் இருக்கும் எலியும் பாம்பும்கூடப் பெரும்பாலும் தப்பிவிடும், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மண் சுடுவதில்லை. ஆமையும் ஓணானும் நத்தையும் முட்டையும் எங்கே போகும்? அன்றைக்குத் தீயின் முன்னால் இரட்டைவால் குருவிகள் கூட்டமாய்ப் பறந்து பறந்து எதையோ பிடித்துக்கொண்டிருந்தன என்று பெரியவர் சொன்னார். தப்பித்து எழும்பிய வெட்டுக்கிளிகள்தான். தப்பித்ததற்கும் அதுதான் கதி.

எண்ணிப் பார்த்தவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. பிரேசிலில் பந்தனால் என்றொரு பெரிய சதுப்பு நிலம் 2020-இல் எரிந்தது. ஆராய்ச்சியாளர்கள் சாம்பலின் சூடு ஆறுவதற்குள் கோடு போட்டு நடந்து, கிடந்த உடல்களை ஒவ்வொன்றாய் எண்ணி, அதிலிருந்து கணக்குப் போட்டார்கள். முதுகெலும்புள்ள உயிர்கள் மட்டும் சுமார் 1.7 கோடி செத்திருக்கும் என்று வந்தது. அதில் சிறு பாம்புகள்தான் மிக அதிகம். ஆஸ்திரேலியாவில் 2019-20 தீயில் செத்தோ இடம்பெயர்ந்தோ பாதிக்கப்பட்டவை ஏறக்குறைய 300 கோடி என்று ஒரு மதிப்பீடு. உலகமே கோலாவுக்கும் கங்காருவுக்கும் கண்ணீர் விட்டது. அந்த 300 கோடியில் 246 கோடி ஊர்வன, அதாவது பல்லி, ஓணான் வகையறா. அவற்றுக்கு யாரும் மெழுகுவத்தி ஏற்றியதாய்த் தெரியவில்லை. அந்தத் தீயும் நம் தீயும் ஒன்றில்லை, ஒப்பிட்டுப் பயமுறுத்த வரவில்லை. அங்கே போய் எண்ணினார்கள், இங்கே போகாமலே ஏதுமில்லை என்று எழுதுகிறோம். அவ்வளவுதான் என் வழக்கு.

இதுவரை சொன்னது தீ எரிந்த மூன்று மணி நேரத்துக் கணக்கு. அதைவிடப் பெரிய கணக்கு தீ அணைந்த பிறகுதான் தொடங்குகிறது. அதை எனக்குக் காட்டியது என் மாமா ஊர்.

ஒடுகத்தூர்ப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். இரண்டு வருடத்துக்கு முன் பங்குனியில் அவர் ஊருக்கு மேலே காப்புக்காடு எரிந்தது. அதுவும் ஒரே ராத்திரிதான். ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் மாமா போன் செய்தார். "கிணத்துல மான் விழுந்துடுச்சிடா, வா." நான் போய்ச் சேர்வதற்குள் தீயணைப்பு வண்டி வந்திருந்தது. புள்ளிமான், பெட்டை. தரையோடு தரையாய் இருக்கும் பழைய கல் கிணறு, கைப்பிடிச் சுவர் கிடையாது. தண்ணீர் தேடி வந்திருக்க வேண்டும், தெரு நாய்கள் துரத்தியிருக்க வேண்டும். பின்னங்காலில் பல் பட்ட காயம் இருந்தது. வலை போட்டு நல்லபடியாகத்தான் தூக்கினார்கள். வேப்ப மரத்தடியில் படுக்க வைத்துக் கண்ணில் துணி கட்டினார்கள். ஊரே சுற்றி நின்றது, பாதிப் பேர் செல்ஃபிக்கு. அரை மணி நேரத்தில் அதன் கழுத்து தொங்கிவிட்டது. காயத்தில் சாகவில்லை என்றார் வனக் காவலர். மான் ரொம்ப நேரம் ஓடிப் பயந்தால் தசை கெட்டு, நெஞ்சு தாங்காமல் போய்விடுமாம். காப்பாற்றிய பிறகு சாவது மானில் சகஜமாம்.

செய்தி வந்தது. "தண்ணீர் தேடி ஊருக்குள் புகுந்த மான் கிணற்றில் விழுந்து பலி." புகுந்த மான்! எட்டு நாளைக்கு முன் அதன் மேய்ச்சலும் நிழலும் எரிந்த செய்தியோடு இதை யாரும் முடிச்சுப் போடவில்லை. அது உயிர்ச்சேதம் ஏதுமில்லாத தீ ஆயிற்றே.

பங்குனியில் எரிந்த காட்டில் அடுத்த மழை வரை தின்ன எதுவும் இருக்காது. சித்திரை முழுக்க, கத்திரி முழுக்க, வேலூர் வெயிலில். வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். மானுக்குப் புல் போயிற்று, கரடிக்குக் கறையான் புற்றைச் சுற்றிய புதர் போயிற்று, தேவாங்குக்கு ஒண்ட முள் தழை போயிற்று. நிழல் போனதால் பாறைக் குட்டையில் இருந்த கொஞ்சம் தண்ணீரும் சீக்கிரம் வற்றும். அப்புறம் அவை கீழே இறங்கும். கீழே நாய், சுருக்குக் கம்பி, பன்றிக்கென்று யாராவது திருட்டுத்தனமாய் இழுத்த கரண்ட் வேலி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ஒவ்வொரு சாவும் தனித்தனிச் செய்தியாய் வரும். ஒன்றின் கீழும் தீ என்ற வார்த்தை இருக்காது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமியாவது 1981-இல் திரும்பி வந்துவிட்டார், எங்கள் சத்துவாச்சாரியில் இருந்துதான் லிங்கம் கோட்டைக்குள் இருக்கும் அந்தக் கோயிலுக்குப் போனது. மலை மட்டும் மொட்டையாகவே இருக்கிறது. சின்ன வயதில் நான் அது கல் மலை, மரம் வளராது என்றுதான் நம்பினேன். பெரியவர் ஒரு கருகிய தூரைக் காட்டினார். உசிலை. தரைக்குமேல் கட்டைவிரல் தடிமனில் ஏழெட்டுக் குச்சி. வேரைச் சுரண்டிக் காட்டினார்: என் தொடை பருமன். "என் கல்யாணத்துக்கு முந்தியே இது இங்க இருக்கு நைனா. மழை பேஞ்சா துளுக்கும், மாசியில வெந்துபூடும்." மரம் இல்லாத மலை என்கிறோம். மரம் இருக்கிறது, நிமிரத்தான் விடவில்லை.

தீயை யார் வைக்கிறார்கள்? பழி முதலில் ஆட்டுக்காரர்மேல் விழும். புதுப்புல் முளைக்கும் என்று வைப்பவர்கள் உண்டு, பெரியவரே ஒப்புக்கொண்டார். "ஆனா மழை இல்லாம எங்க முளைக்கும்? இருக்கற காஞ்ச புல்லும் பூடும். வைக்கறவன் வேற ஊர்க்காரன்" என்றார். எல்லா ஊரிலும் வைப்பவன் வேற ஊர்க்காரன்தான். அதோடு பாறைமேல் உட்கார்ந்து குடித்துவிட்டு பீடியை வீசுகிறவர்கள், தேன் அழிக்கப் பந்தம் பிடிப்பவர்கள், முயலைக் கிளப்ப நெருப்பு வைப்பவர்கள், அடிவாரத்தில் குப்பை கொளுத்தும் நம்மைப் போன்ற தெருக்காரர்கள். மலை எரிந்தால் மழை வரும் என்றொரு பேச்சும் உண்டு. அது உண்மையானால் வேலூரில் வருடம் முழுக்கக் கொட்டித் தீர்க்க வேண்டும். இப்போது வீடியோவுக்காக வைக்கும் பையன்கள் வேறு. நம் பக்கத்துத் தீயில் தானாய்ப் பற்றுவது அபூர்வம், கை வைத்துத்தான் பற்றுகிறது. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே குற்றம். சட்டத்துக்கு வயதாகிவிட்டதே தவிர யாரும் மாட்டியதாய் நான் கேள்விப்படவில்லை.

தீ என்றாலே கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளிகர் பழங்குடியினர் பனி ஈரம் இருக்கும்போதே சருகுத்தீ வைத்துப் பழகியவர்கள். அதை நிறுத்திய பிறகுதான் உண்ணிச்செடி காட்டை அடைத்தது என்பது அவர்கள் வாதம், எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. அது வெயில் ஏறும் முன்னே, இடம் பார்த்து, காற்றுப் பார்த்து வைக்கும் சின்னத் தீ. பங்குனி மாதம் ஒரே மலையை வருடா வருடம் கொளுத்துவதற்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

அணைக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீத்தடுப்புக் கோடு எடுப்பதும், ராத்திரியில் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு போய் அடிப்பதும் பெரும்பாலும் தற்காலிகக் காவலர்கள்தான். அன்றைக்கும் கீழிருந்து டார்ச் வெளிச்சம் எறும்பு போல ஏறியதை நாங்கள் பார்த்தோம். செயற்கைக்கோள் பார்த்துக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது ஒரு நாளில் சில முறைதான் தலைக்குமேல் கடக்கும். ஏழு மணிக்குப் பற்றிப் பத்து மணிக்கு அடங்கும் புல் தீ அதன் கண்ணில் படாமலே போகலாம். நம் கண்ணில்தான் படுகிறது, மொட்டை மாடியில் இருந்து. நாம் என்ன செய்தோம் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

மாமாவிடம் இதையெல்லாம் பேசினால் வேறு பாட்டுப் பாடுவார். "உனக்கென்ன, மாடியில நின்னு பாப்ப. மல்லாட்டைக் கொல்லையில பன்னி பூந்து ஒரே ராத்திரியில அரைக் காணியைத் தோண்டிட்டுப் பூடுச்சி." அவர் சொல்வதிலும் தப்பில்லை. மேலே எரிந்த வருடம்தான் கீழே அதிகம் இறங்குகிறது என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப வைக்கறவனைத்தான் உதைக்கணும்" என்றார். அந்தக் கிணற்றைச் சுற்றி இப்போது கருவேல முள் போட்டு அடைத்திருக்கிறார். மானுக்காகவா, தண்ணீர் நாறாமல் இருக்கவா என்று நான் கேட்கவில்லை.

நேற்று எங்கள் தெருக் குழுவில் ஒரு செய்தி போட்டேன். மலை எரிந்திருப்பதால் கொஞ்ச நாளைக்கு மான், மயில் கீழே இறங்கலாம், ராத்திரியில் அவரவர் நாயைக் கட்டிப் போடுங்கள், மலைமேல் மறுபடி புகை தெரிந்தால் வீடியோ எடுக்கும் முன் வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள் என்று. மூன்று கட்டைவிரல் வந்தது. அந்த "மாலை" வீடியோ போட்டவர் மட்டும் பதில் எழுதினார்: "ஏன் சார், சிறுத்தை ஏதாவது வந்திருக்கா?"