இறந்த பிறகு பேசுகிறோம், இருக்கும்போது கேட்பதில்லை

யாரோ ஒருவர் தற்கொலை செய்துகொண்டார் என்று செய்தி வந்ததும் வாட்ஸப் குழுக்களில் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எப்படி, எங்கே, எழுதி வைத்தாரா, கடனா, காதலா, வீட்டில் சண்டையா என்று அரை மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடும். அவரோடு பல வருடமாக ஒரு வார்த்தை பேசாதவர்கூடக் கையில் ஒரு காரணத்தோடு வருவார். அதே மனிதர் சில மாதங்களாகத் தூங்காமல், யாரோடும் ஒட்டாமல், "நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இவர்களில் ஒருவராவது அவரை உட்காரவைத்து நேராகக் கேட்டிருப்பாரா? பெரும்பாலும் இருக்காது.

எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான். தற்கொலையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்று சொல்கிறார்கள். அது உண்மையில்லை. நிறையவே பேசுகிறோம், ஆனால் ஆள் போன பிறகு, அவருக்குக் கேட்காத இடத்தில்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி இறக்கிறார்கள். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கான காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. முயன்று பிழைத்தவர்கள் இதைவிடப் பல மடங்கு. அப்படியென்றால் நம் ஒவ்வொருவரின் தொலைபேசிப் பட்டியலிலும் இந்த எண்ணத்தோடு ஒரு நாளையாவது கடந்த ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம். அது யார் என்று நமக்குத் தெரியாது, ஏனென்றால் கேட்டதில்லை.

ஏன் கேட்பதில்லை என்றால் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கேட்டா, இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கின மாதிரி ஆயிடுமே." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. அமெரிக்காவில் மேடலின் கூல்டும் அவரது குழுவினரும் இரண்டாயிரத்துக்கும் அதிகமான பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்திருக்கிறது. 2014இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே முடிவுதான் வந்தது.

எனக்கு இது ஆய்வைப் படிப்பதற்கு முன்பே தெரியும். எனக்கும் அந்த எண்ணம் வந்த ஒரு காலம் உண்டு. வெளியில் பார்த்தால் வேலைக்குப் போனேன், பேசினேன், சிரித்தேன். உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு சிநேகிதி நடந்துகொண்டே, குரலை மாற்றாமல் கேட்டாள்: "செத்துடலாம்னு தோணுதா உனக்கு?" நான் அழவில்லை, மறுக்கவும் இல்லை. "ஆமா" என்றேன். அந்த ஒரு சொல்லை வெளியே சொன்னதும் எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. எண்ணம் போய்விடவில்லை. ஆனால் அதை நான் மட்டும் சுமக்க வேண்டியதில்லை என்று ஆனது. அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போனதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

அவள் அதற்குப் பிறகு செய்ததும் முக்கியம். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "உனக்கென்ன குறைச்சல்", "அப்பா அம்மாவை நினைச்சுப் பாரு", "இதைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேரு" என்று தொடங்கவில்லை. இந்த வாக்கியங்களைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், பதறிப்போய்ச் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவரின் காதில் அது என்னவாக விழுகிறது தெரியுமா? "நான் நன்றி கெட்டவன், இவர்களுக்குப் பாரம்" என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு சாட்சியாகிவிடுகிறது. அப்புறம் அவர் வாயே திறக்க மாட்டார். அவள் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகமாக வருகிறது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா. கடைசிக் கேள்வி கேட்கக் கடினமானது. ஆனால் அதற்கு "ஆமா" என்று பதில் வந்தால் அந்த ஆளைத் தனியாக விடக்கூடாது, ஆபத்தான பொருட்களை அவர் கைக்கு எட்டாமல் அகற்ற வேண்டும், அன்றைக்கே மருத்துவ உதவிக்குப் போக வேண்டும். "யாருக்கும் சொல்லாதே" என்று அவர் கெஞ்சினாலும் அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள்.

"சாகணும்னு முடிவு பண்ணிட்டா யாராலயும் தடுக்க முடியாது" என்று ஒரு பேச்சு உண்டு. இதைப்போல ஆட்களைக் கைவிடும் பேச்சு வேறில்லை. தற்கொலைக்கு முயன்ற இடத்திலேயே தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சைடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தேடிப் பார்த்து 1978இல் எழுதினார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், அல்லது வயதாகியோ நோய்வாய்ப்பட்டோ இயல்பாக இறந்திருந்தார்கள். அந்த நெருக்கடியின் உச்சம் பலருக்கு மணிக்கணக்கில்தான் நீடிக்கிறது, சிலருக்கு இன்னும் குறைவு. அந்த நேரத்திலும் மனதின் ஒரு பாதி வாழத்தான் விரும்புகிறது. நாம் பேச வேண்டியது அந்தப் பாதியோடு.

ஜெரோம் மோட்டோ என்றொரு மனநல மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். மருத்துவமனையிலிருந்து வெளியேறி, தொடர் சிகிச்சை வேண்டாம் என்று சொன்னவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகள் அவ்வப்போது சின்னக் கடிதம் அனுப்பச் செய்தார். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில்தான் இருக்கும். வேறெந்தக் கேள்வியும் இல்லை, வரச் சொல்லும் வற்புறுத்தலும் இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்தது. எதிர்பார்ப்பில்லாத நான்கு வரி! நம் கையில் நாள் முழுக்கத் தொலைபேசி இருக்கிறது.

வெட்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலை முயற்சி ஒரு குற்றம். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொன்னது. இன்னும் பல நாடுகளில் இது குற்றமாகவே இருக்கிறது. சட்டம் மாறிய இடத்திலும் வீட்டுக்குள் மாறிவிடவில்லை. பிழைத்து வந்தவரிடம் "எங்க மானத்தை வாங்கிட்டியே" என்பார்கள். விபத்து என்று மாற்றிச் சொல்லுவார்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பது வெளியே தெரிந்தால் கல்யாணம் தடைபடும், வேலை போகும் என்று மாத்திரைச் சீட்டை ஒளித்து வைப்பார்கள். இப்படி ஒளிக்கப் பழகியவர், அடுத்த முறை எண்ணம் வரும்போது அதையும் ஒளிப்பார். வேறென்ன செய்வார்?

வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நான் சொல்வதில் எல்லாப் பேச்சும் அடங்காது. 1987இல் வியன்னாவில், குறிப்பிட்ட ஒரு வகைத் தற்கொலைச் செய்திகளைப் பரபரப்பாக வெளியிடுவதைப் பத்திரிகைகள் விட்டபோது அந்த வகை மரணங்கள் சட்டென்று குறைந்தன. 2010இல் வெளிவந்த இன்னொரு ஆஸ்திரிய ஆய்வு, அந்த எண்ணத்தோடு போராடி மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைந்திருந்ததைக் காட்டியது. ஆகவே எப்படி இறந்தார் என்பதைப் பரப்பாதீர்கள். கடைசிக் கடிதத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள். ஒரு மதிப்பெண், ஒரு சண்டை, ஒரு ஆள் என்று ஒற்றைக் காரணத்தில் கதையை முடிக்காதீர்கள். இறந்தவரின் வீட்டுக்குப் போனால் காரணம் விசாரிக்காதீர்கள். அவர்களே இரவெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள், அவர் எப்படி வாழ்ந்தார் என்று பேசுங்கள். மூன்று மாதம் கழித்து, எல்லோரும் மறந்த பிறகு, இன்னொரு முறை போங்கள்.

இதை இப்போது அந்த எண்ணத்தோடு படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால்: உங்களுக்கு நடப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, இதற்கு உதவி இருக்கிறது, அது வேலை செய்கிறது. அருகில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இந்தப் பதிவை அவருக்கு அனுப்பி, "இது நான்தான்" என்று மட்டும் எழுதுங்கள். யாரும் இல்லையென்றால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, அமெரிக்காவில் 988. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் நாட்டு எண்ணைக் கீழே எழுதுங்கள், பதிவில் சேர்த்துவிடுகிறேன்.