சி ராச்சாவில் ஒரு மண் உரல்

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். என் மகனுக்கு ஒன்பது வயது. மண்டபத்தில் யாரைப் பார்த்தாலும் இரண்டு கையையும் மார்புக்கு நேரே குவித்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டே இருந்தான். தாய்லாந்தில் அதற்கு 'வாய்' என்று பெயர். சந்தனம் நீட்டிய அக்காவுக்கு ஒரு வாய், காபி கொண்டுவந்த அண்ணனுக்கு ஒரு வாய், நாயனக்காரருக்கும் ஒன்று. உறவில் ஒரு மாமா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் சொன்னார்: "என்னம்மா இது, பசங்களை நம்ம கலாச்சாரமே தெரியாம வளர்க்கிறீங்க?"

பந்தியில் உட்கார்ந்து ரசம் வருவதற்குள் அதே மாமா எதிர் வரிசையில் இருந்தவரிடம் சொல்கிறார்: "தாய்லாந்து முழுக்க நம்ம கலாச்சாரம்தான் சார். ராஜாவோட பிராமணாளே திருவெம்பாவை பாடறாங்க, தெரியுமோ?"

இரண்டுக்கும் நடுவே கால்மணி நேரம்கூட இருக்காது. அங்கே வாயைத் திறக்கவில்லை. கல்யாண வீடு. அதனால் இங்கே எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சி ராச்சாவில் குடியிருந்து பதினான்கு வருடம் ஆகிறது. சோன்புரி மாகாணத்தில் கடலோர ஊர். பாட்டிலில் வரும் மிளகாய் சாஸுக்கு அந்தப் பெயர் வந்தது இந்த ஊரிலிருந்துதான். பக்கத்தில் லேம் சபாங் துறைமுகம், சுற்றிலும் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள். என் வீட்டுக்காரருக்கு அதில் ஒன்றில் வேலை. இங்கே ஜப்பான்காரர்கள் நிறைய, தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இட்லி அரிசி வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிக்கொண்டு பாங்காக்கில் இந்தியக் கடைகள் இருக்கும் பாஹுரட்டுக்குப் போக வேண்டும். மகளும் மகனும் இங்கேயே பிறந்தவர்கள்.

முதல் இரண்டு வருடம் நானும் அந்த மாமா மாதிரிதான் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டி நிறைய சாம்பார்ப் பொடி, வடகம், அப்பளம். பக்கத்து வீட்டில் 'கபி' வதக்கும் நாளில் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவேன். கபி என்பது புளிக்கவைத்து அரைத்த இறால் விழுது. ஒரு நாள் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா ஓடிவந்து கதவைத் தட்டினார். கேஸ் கசிகிறதா என்று கேட்டார். கசிந்தது பெருங்காயம். அன்றைக்குத்தான் உறைத்தது, அவர் வீட்டிலும் இத்தனை நாளாக ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று.

அவரை நாங்கள் 'பா' என்று கூப்பிடுகிறோம். நம் ஊர்ப் பெரியம்மா மாதிரி ஒரு முறை. தாய் மொழியில் ஒருவரைப் பேர் சொல்லி அழைப்பதைவிட உறவு சொல்லி அழைப்பதுதான் வழக்கம். மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்', காய்கறிக்காரரும் பீ, பேருந்து நடத்துநரும் பீ. பார்த்ததும் முதலில் கேட்பது "கின் காவ் ரூ யாங்?" சோறு சாப்பிட்டாச்சா? இதற்கு அர்த்தம் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒருவரும் தேவைப்படவில்லை.

மகள் பிறந்தபோது விசா இழுபறியில் என் அம்மாவால் வர முடியவில்லை. பிரசவம் முடிந்து வீடு வந்த மூன்றாம் நாள் பா ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். வாழைப்பூ போட்ட கேங் லியாங். மிளகு தூக்கலாக, தண்ணியாக, நம் மிளகு ரசத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு பதம். பால் சுரக்கப் பிள்ளை பெற்றவளுக்கு இங்கே அதைத்தான் கொடுப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அதில் கபி போட்டிருந்தது. எனக்குத் தெரியும். இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தேன்.

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது பொய்யில்லை. பாங்காக்கில் ராட்சத ஊஞ்சல் என்று இரண்டு பெரிய சிவப்புத் தூண்கள் நிற்கின்றன. முதலாம் ராமா மன்னர் காலத்தில், 1784-ல் முதலில் நிறுத்தியது. ஊஞ்சலாட்டம் 1935-ஓடு நின்றுவிட்டது. பக்கத்தில் தேவஸ்தான் என்ற கோயில். அங்கே அரண்மனைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் சடங்குக்கு த்ரியம்பவாய் என்று பெயர். அவர்கள் ஓதுவதில் திருவெம்பாவையும் திருப்பாவையும் உண்டு, உச்சரிப்பு மாறி, அர்த்தம் விட்டுப்போய். தெற்கே தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்ட ஒரு குளத்தைப் பற்றிப் பேசுகிறது. தாய் எழுத்துகூட கெமர் எழுத்து வழியாகப் பல்லவர் எழுத்திலிருந்து வந்ததுதான்.

எல்லாம் உண்மை. அதனால் என் மகளுக்கு 'ழ' எழுத வந்துவிடுமா?

எனக்குப் பிடிக்காதது இந்த ஒன்றுதான். ஒரு விஷயம் நம்மிடமிருந்து போனது என்றால் நெஞ்சை நிமிர்த்துகிறோம். இல்லையென்றால் மூக்கைப் பொத்துகிறோம். அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய், இலையில் வைத்த ஒவ்வொன்றையும் தொட்டு, "இது எங்க பாட்டி சொல்லிக்கொடுத்தது" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வீட்டு அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

அப்படிக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் நம் சமையலறையிலும் எதுவும் மிஞ்சாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. நமக்கும் அப்படித்தான், தாய்லாந்துக்கும் அப்படித்தான். பப்பாளி, தக்காளி, நிலக்கடலை எல்லாம் அங்கிருந்தே. புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள். எடுத்தால் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

சொங்க்ரான் வந்தால் வாட்ஸ்அப்பில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போகும். ஏப்ரல் 13 முதல் 15 வரை தண்ணீர்த் திருவிழா. பெயர் 'சங்கராந்தி'யிலிருந்து வந்தது, நம் சித்திரைப் புத்தாண்டும் அந்த நாட்களில்தான். உடனே "பார்த்தாயா" என்று படம் அனுப்புவார்கள். தாய்லாந்தில் அரசாங்கப் புத்தாண்டு 1941 முதல் ஜனவரி 1 என்று முடிவாகிவிட்டது, ஏப்ரலில் பண்டிகையை அவர்கள் பாட்டுக்கு ஜோராகக் கொண்டாடுகிறார்கள். தையா சித்திரையா என்று அடித்துக்கொள்வது நாம்தான். சோன்புரிப் பக்கம் இன்னொரு வசதி, சொங்க்ரான் முடிந்த பிறகும் 'வான் லாய்' என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு நாளில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். கடற்கரையில் மணலால் கோபுரம் கட்டுவார்கள். என் மகனுக்கு ஒரு வாரம் முழுக்கச் சட்டை காயாது.

தண்ணீர்த் துப்பாக்கியைவிட எனக்குப் பிடித்தது முதல் நாள் காலை. பெரியவர்களை வரிசையாக உட்காரவைத்து, மல்லிகை மிதக்கும் வாசனைத் தண்ணீரை அவர்கள் உள்ளங்கையில் மெல்ல ஊற்ற வேண்டும். கை நீட்டி உட்கார்ந்திருக்கும் பா ஏதோ முணுமுணுத்து ஆசீர்வாதம் செய்வார். அவர் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டும்போது என் மகன் ஒரு சத்தம் போடமாட்டான். வீட்டில் அவனை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம்விட என்னை அசைத்தது மகளின் பள்ளியில் நடந்த வாய் க்ரூ. 'க்ரூ' என்றால் குரு. பள்ளி திறந்த சில வாரத்தில், வழக்கமாக ஒரு வியாழக்கிழமை, பிள்ளைகள் ஆசிரியர் முன் மண்டியிட்டு வணங்கிப் பூத்தட்டு கொடுப்பார்கள். முதல் வருடம் மகள் ஒரு சீட்டுக் கொண்டுவந்தாள். எனக்கு அப்போது தாய் படிக்க வராது, பா வாசித்துச் சொன்னார். நான்கு பொருள்: புல், கேம் பூ, கத்திரிப்பூ, நெல் பொரி. "எந்தப் புல்?" என்றேன். வாசலுக்குப் போய்ப் பிடுங்கிவந்து காட்டினார். அருகம்புல். கேம் பூ எதுவென்று பார்த்தால் வெட்சி, எங்கள் ஊரில் இட்லிப்பூ.

புல்லும் பூவும் தெருவிலேயே கிடைத்தன. கத்திரிப்பூவுக்குத்தான் அலைந்தோம். கடைசியில் பாவின் கொல்லையில், டார்ச் அடித்து, கொசுக்கடியில் நின்று, காய்க்க வேண்டிய ஏழு பூவை அவரே பறித்துக் கொடுத்தார். ஏன் கத்திரிப்பூ என்று கேட்டேன். ஒரு பூவைக் காம்போடு தூக்கிப் பிடித்தார். அது தலை குனிந்து தொங்கியது. குரு முன்னால் அப்படி நிற்க வேண்டுமாம். கேம் என்றால் ஊசி, புத்தி அப்படிக் கூர்மையாக வேண்டும். புல் மிதிபட்டாலும் படரும், படிப்பும் அப்படி. பொரி சட்டியில் எகிறும், ஆனால் மூடி போட்டால் அடங்கிக் கிடக்கும். அது ஒழுக்கம்.

அருகம்புல்லைப் பார்த்ததும் எனக்கும் கை பரபரத்தது. போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு "பாருங்கள், நம்ம பிள்ளையார் புல்!" என்று எழுதத் தொடங்கினேன். பிறகு அழித்துவிட்டேன். கத்திரிப்பூ தலை குனிந்து தொங்கும் என்பதை நாற்பது வருடம் கத்திரிக்காய் தின்ற எனக்கு ஒருவரும் காட்டித்தரவில்லை. அதை அந்த அம்மாளிடம்தான் கற்றேன்.

இதில் இழப்பே இல்லை என்று பூசி மெழுகமாட்டேன். என் பிள்ளைகளின் தாய்மொழி 'தாய் மொழி' ஆகிவிட்டது, நடுவில் ஒரு இடைவெளிதான் வித்தியாசம். அக்கா தம்பி சண்டை அதில்தான். மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். என் அப்பாவோடு போனில் "நல்லா இருக்கேன் தாத்தா, சாப்பிட்டேன் தாத்தா" தாண்டிப் பேச்சு நகராது. அது வலிக்கத்தான் செய்கிறது. சனிக்கிழமை தோறும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன், கண்ணீரோடு நடக்கிற வகுப்பு, இரண்டு பக்கமும். ஆனால் அதற்குக் காரணம் என் சோம்பல். மூ பிங் சாப்பிட்டதால் தமிழ் மறந்துபோகவில்லை.

மூ பிங் என்றால் குச்சியில் சுட்ட பன்றிக்கறி. பள்ளிக்குப் போகும் வழியில் ஒட்டும் அரிசிச் சோற்றோடு விற்பார்கள். மகன் ஆசைப்பட்டான், வாங்கிக் கொடுத்தேன். ஊரில் அது ஒரு பஞ்சாயத்து ஆனது. அவனுக்குப் பள்ளியில் வைத்த செல்லப்பேரே 'மூ' என்பதை இன்னும் அங்கே சொல்லவில்லை. இங்கே எல்லாருக்கும் ஒரு செல்லப்பேர் உண்டு, பன்றிக்குட்டி என்பது கொஞ்சல். எதிர்வீட்டு அக்கா மாட்டுக்கறியைத் தொடமாட்டார், க்வான் இம் என்ற சீனத்து அம்மனைக் கும்பிடுகிறவர். அவரவர் வீட்டுக்கு அவரவர் கட்டு.

மாமியாரை வைத்துத்தான் எனக்குப் பயமே இருந்தது. அத்தை வந்தது புரட்டாசி மாதம், கவிச்சியே ஆகாது. இங்கே வெறுமனே "கறி வேண்டாம்" என்றால் போதாது, நாம் ப்லா என்ற மீன் சாறு கேட்காமலே விழுந்துவிடும். ஆனால் சீனர் கணக்கில் ஒன்பதாம் மாதம் வரும் 'ஜே' விரதமும் அந்த நேரம்தான். ஒன்பது நாள் கடைக்குக் கடை மஞ்சள் கொடி. கறி, மீன், முட்டை, பால் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. "பூண்டுகூடவா?" என்று அத்தை இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கும்போது குரலில் மரியாதை வந்திருந்தது.

சந்தையில் சோம் தாம் என்ற பப்பாளிக்காய்ச் சாலட் கடை முன்னால் நின்றுவிட்டார். மண் உரல், மர உலக்கை. கடைக்காரப் பெண் பப்பாளிக்காயைக் கையில் பிடித்துக் கத்தியால் சரக் சரக்கென்று கொத்திச் சீவினாள். மிளகாய், பனைவெல்லம், காராமணி, தக்காளி, எலுமிச்சை, நாம் ப்லாவுக்குப் பதில் சோயா. ஒரு கையில் உலக்கை, மறு கையில் கரண்டி, குத்தக் குத்தக் கிளறிக்கொண்டே. பொக் பொக் என்று சத்தம். மசியக்கூடாது, நசுங்கினால் போதும். எத்தனை மிளகாய் என்று கேட்டாள். அத்தை ஐந்து விரலைக் காட்டினார். அவள் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். இரண்டு தட்டு போயிற்று.

ஊருக்குத் திரும்பும்போது அதே மாதிரி மண் உரல் ஒன்று வேண்டும் என்றார். இரண்டு பட்டுப்புடவைக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். கும்பகோணத்தில் இப்போது கொல்லைப் பப்பாளி பிஞ்சிலேயே காலியாகிறதாம். சாயங்காலம் தெருப் பெண்கள் தட்டோடு வருகிறார்கள். பேர் 'பொக்கு பொக்கு'.

அந்தக் கல்யாணத்து மாமாவும் ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டு, "இதெல்லாம் நம்ம கோசுமரி மாதிரிதானே, இங்கேர்ந்து போனதாத்தான் இருக்கும்" என்றாராம். அத்தை போனில் சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்றது? இது எங்க பாப்பா ஊர் சமாச்சாரம், உமக்குப் பிடிச்சா இன்னும் கொஞ்சம் போட்டுக்கோரும்னேன்." பிறகு, "அடுத்த தடவை வர்றப்போ உரல் ஒண்ணு கூடுதலாக் கொண்டா. இது கீறல் விட்டுடுச்சு."